ஒத்தை சிகரெட் விக்கறத நிறுத்துங்க: மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுகாதாரம், குடும்ப நல அமைச்சகத்துக்கு,

போன மாசம் என் பையனோட யூனிஃபார்ம் பேன்ட்டை துவைக்கப் போடும்போது பாக்கெட்ல ஒரு சிகரெட் இருந்துச்சு. பத்த வைக்காத முழு சிகரெட், ரூல்டு நோட்டு பேப்பர்ல சுத்தி பத்திரமா வச்சிருந்தான். ஒம்பதாவது படிக்கிறான், 14 வயசு. ஃபில்டர்ல சின்னதா ஒரு உருண்டை, அமுக்கிப் பாத்தேன், டிக்னு உடைஞ்சு புதினா வாசனை வந்துச்சு. எங்கடா வாங்குனேன்னு கேட்டதுக்கு மொதல்ல அழுதான், அப்புறம் ஸ்கூல் பக்கத்து கடைன்னு சொன்னான்.

மறுநாள் ஸ்கூல் கேட்ல இருந்து அந்தக் கடை வரைக்கும் நானே நடந்து அடி எண்ணிப் பாத்தேன். 62 அடி வச்சேன். உங்க 2003 புகையிலை கட்டுப்பாட்டுச் சட்டத்துல பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுன்னு இருக்கு, 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு எங்கயுமே விக்கக்கூடாதுன்னு இருக்கு. கம்ப்ளெயின்ட் குடுக்கப் போன எடத்துல, "கேஸ் போட்டாலும் 200 ரூபா ஃபைன்தாம்மா, கட்டிட்டு மறுபடி விப்பான்"னாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், சட்டத்துல அதுதான் எழுதியிருக்கு, அதிகபட்சமே 200 ரூபா. இன்னிக்கி பத்து சிகரெட் இருக்க சில பாக்கெட்டோட வெலையே கிட்டத்தட்ட அதுதான். 22 வருஷத்துக்கு மேல ஆகுது, அந்த 200 அப்படியே நிக்குது.

அந்தக் கடைக்காரர் மேல எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவர்கிட்ட சண்டை போட வாய் வரல, ஏன்னா நானும் பெட்டிக்கடையில வளந்தவதான். திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல எங்கப்பா கடை வச்சிருந்தார், ஒரு ஹைஸ்கூலுக்கு எதுத்தாப்புல. சாயந்தரம் அவர் சரக்கெடுக்கப் போனா நான்தான் கல்லாவுல உக்காருவேன். கடலை மிட்டாய் பாட்டில், தேன் மிட்டாய் பாட்டில், அதுக்கு நடுவுல பிரிச்ச சிகரெட் பாக்கெட். கடை தூண்ல நுனியில நெருப்போட ஒரு கயிறு தொங்கும், வாங்கறவங்க அதுலயே பத்த வச்சுக்குவாங்க. முழு பாக்கெட் வாங்குனவங்கள நான் விரல் விட்டு எண்ணிருவேன், மத்த எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டுதான் எடுத்துக் குடுத்திருக்கேன். பத்தாவது படிக்கிற பசங்களுக்கும் என் கையாலயே குடுத்திருக்கேன், அப்ப அது தப்புன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

வாரத்துக்கு ஒருநாள் கம்பெனி வண்டி வரும். அந்த ஆள் ரொம்ப மரியாதையா பேசுவார். கடைக்கு போர்டு இலவசம், பெயின்ட் இலவசம், ஒரு தீபாவளிக்கு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க, எங்க வீட்டுக்கு வந்த மொத கடிகாரம் அதுதான். பதிலுக்கு கேட்டது ஒண்ணே ஒண்ணு, பாக்கெட்டை மேல் தட்டுல வைக்காதீங்க, முன்னாடி மிட்டாய்கிட்ட வைங்கன்னு. மிட்டாய் பாட்டில் இருக்கற ஒசரம் யாரோட கண்ணு ஒசரம்னு எனக்கு பிள்ளை பெத்த பிறகுதான் உறைச்சுச்சு.

1996ல கிரிக்கெட் வேர்ல்ட் கப் நம்ம நாட்டுலயும் பாகிஸ்தான்லயும் இலங்கையிலயும் நடந்துச்சு. கப்போட பேரே வில்ஸ் வேர்ல்ட் கப், வில்ஸ்ங்கறது ஒரு சிகரெட் பேரு. கடையில ஒரு பழைய பிளாக் அண்ட் ஒயிட் டிவி வச்சு ஊரே பாத்துச்சு. என் தம்பிக்கு அப்ப 12 வயசு, தென்னமட்டையில பேட் செஞ்சு அதுல பேனாவால சிகரெட் பேரை எழுதி வச்சிருந்தான். அவனுக்கு அது சிகரெட் பேருன்னு தோணவே இல்ல, கிரிக்கெட்டோட பேருன்னுதான் நெனச்சான். அந்த மாதிரி ஸ்பான்சர் விளம்பரத்த எல்லாம் தடுக்கற சட்டம் 2003லதான் வந்துச்சு. தம்பி அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 14 வயசுல, அப்பா கடையில பிரிச்சு வச்ச பாக்கெட்ல இருந்து ஒண்ணு எடுத்து ஆரம்பிச்சிட்டான். பிரிச்ச பாக்கெட்ல ஒண்ணு கொறைஞ்சா யாருக்கு தெரியும்.

33 வயசுல நடந்தா கெண்டைக்கால் புடிச்சு இழுக்குதுன்னான். ரெண்டு தெரு நடந்தா நின்னு நின்னுதான் போவான். அப்புறம் ராத்திரியில பாதம் எரியுதுன்னு கட்டிலுக்கு வெளிய காலத் தொங்கப் போட்டுட்டே உக்காந்திருப்பான், விடிய விடிய. கட்டை விரல் கருத்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு பர்ஜர் நோய்னு சொன்னாங்க. கை கால்ல இருக்க சின்ன ரத்தக் குழாய்ல வீக்கம் வந்து அடைச்சு, ரத்தம் போகாம விரல் அழுகிரும். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருக்க எளவயசு ஆம்பளைங்களுக்குத்தான் பெரும்பாலும் வருது. கேன்சர் வரும், நெஞ்சுவலி வரும்னு கேள்விப்பட்டிருக்கோம், கால் போகும்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல. டாக்டர் ஒரே விஷயம்தான் சொன்னார், இன்னிக்கே மொத்தமா விட்டா காலக் காப்பாத்த வழி இருக்கு, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு தொட்டாலும் நோய் நிக்காது.

அவன் விட நெனச்சான். சத்தியமா நெனச்சான், நான் கூடவே இருந்து பாத்தேன். மூணு வாரம் தொடாம இருப்பான், நாலாவது வாரம் ஏதாவது ஒரு கடன் டென்ஷன், வீட்ல ஒரு சண்டை, கால் தன்னால தெருமுனைக் கடைக்குப் போகும். முழு பாக்கெட்தான் வாங்கணும்னா கையில அவ்வளவு காசு இருக்காது, இருந்தாலும் எடுத்துக் குடுக்கும்போது ஒரு யோசனை வரும், பாக்கெட்ட வீட்டுக்கு எடுத்துட்டு வரணும், நான் பாப்பேன், அவன் பொண்டாட்டி பாப்பா. ஒத்தை சிகரெட்டுக்கு இதெல்லாம் எதுவும் இல்ல, சட்டைப்பையில இருக்க சில்லறைய எடுத்துக் குடுத்தா போதும், குடிச்சிட்டு வாய கொப்புளிச்சா முடிஞ்சுது. இப்படி ஏழெட்டு தடவை விட்டு ஏழெட்டு தடவை தொட்டான். 2018ல ரெண்டு விரல எடுத்தாங்க, 2019ல முழங்காலுக்கு கீழ எடுத்துட்டாங்க.

இப்ப உங்களுக்கு நேரடியா வர்றேன்.

நீங்க எதுவும் செய்யலன்னு நான் சொல்லல. 2016 ஏப்ரல்ல இருந்து பாக்கெட்ல 85 சதவீதம் எச்சரிக்கை படம் போட வச்சீங்க, கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போயும் நீங்க விடல. 2018ல இருந்து பாக்கெட்லயே 1800-11-2356னு, பழக்கத்த விட உதவி பண்ற நம்பர அச்சடிக்க வச்சீங்க. நல்ல விஷயம். ஆனா அந்தப் படத்தையும் நம்பரையும் பாக்கறது யாரு? கடைக்காரர் பாக்கறார். வாங்கறவன் கைக்கு வர்றது ஒரு வெள்ளைக் குச்சி மட்டும்தான். என் தம்பிக்கு அந்த நம்பர் இருக்கறதே கால எடுத்ததுக்கு அப்புறம்தான் தெரியும், அதுவும் நான் பாக்கெட்ட வாங்கி படிச்சு சொல்லித்தான். வரி ஏத்தறீங்க, அதுவும் இதே கதைதான், பாக்கெட்டுக்கு பத்து ரூபா ஏறுனா ஒத்தையில ஒரு ரூபாதான் ஏறுது, ஒரு ரூபாய்க்காக யாரும் பழக்கத்த விடமாட்டான். நீளத்தப் பாத்து வரி போடறதால 2012 பட்ஜெட்ல 65 மில்லிமீட்டர் வரைக்கும்னு ஒரு கம்மி வரி அடுக்கு வந்ததும் 64 மில்லிமீட்டர்ல குட்டி சிகரெட் கடைக்கு வந்துருச்சு, சில்லறையா வாங்கறவன் கைக்கு இன்னும் லேசா. நீங்க போடற ஒவ்வொரு வேலியிலயும் அந்த ஒத்தை சிகரெட் போற அளவுக்கு ஓட்டை இருக்கு.

இது உங்களுக்கே தெரியாத விஷயமும் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலை கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துல 2004 பிப்ரவரியில நாம சேந்தோம். அதோட 16வது பிரிவுல, சின்னப் பசங்க கைக்கு எட்டற மாதிரி ஒத்தையாவும் சின்ன பாக்கெட்டாவும் விக்கறத தடுக்க முயற்சி பண்ணனும்னு இருக்கு. 2020ல நீங்களே ஒரு சட்டத்திருத்த வரைவு தயார் பண்ணீங்க, வயசு 21 ஆக்கறது, ஒத்தையா விக்கறத தடை பண்றது எல்லாம் அதுல இருந்துச்சு, 2021 ஜனவரியில மக்கள்கிட்ட கருத்தும் கேட்டீங்க. நான் தமிழ்ல ஒரு பக்கம் எழுதி அனுப்புனேன். 2022ல பார்லிமென்ட் நிலைக்குழு கேன்சர் பத்தின அறிக்கையில ஒத்தை சிகரெட் விற்பனைய தடை பண்ணச் சொல்லி பரிந்துரையும் பண்ணாங்க. மகாராஷ்டிரா 2020லயே தானா தடை போட்டுச்சு. இவ்வளவுக்கு அப்புறமும் என் பையன் பேன்ட்ல அந்தக் குச்சி இருந்துச்சு.

எனக்கு மனசுக்குள்ள இருக்க கோவம் இதோட நிக்கல. அமெரிக்காவுல 1964ல அவங்க அரசாங்கத்தோட தலைமை டாக்டரான சர்ஜன் ஜெனரல் அறிக்கை வந்து சிகரெட்டும் நுரையீரல் கேன்சரும் சம்பந்தப்பட்டதுன்னு ஊரறிய சொல்லிட்டாங்க. 1965ல அங்க பெரியவங்கள்ல 100க்கு 42 பேர் சிகரெட் பிடிச்சாங்க, இப்ப 10, 11 பேர் மாதிரிதான். அங்க கொறைஞ்ச வியாபாரத்த ஈடுகட்ட கம்பெனிங்க ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் திரும்புச்சு, ஏன்னா இங்க எளவயசுக்காரங்க அதிகம், சட்டம் லேசு, ஆஸ்பத்திரி செலவ குடும்பமே தலையில கட்டிக்கும். உலகத்துல புகையிலை பழக்கம் இருக்கவங்கள்ல 80 சதவீதம் பேர் நம்மள மாதிரி வருமானம் கம்மியான, நடுத்தரமான நாடுகள்லதான் இருக்காங்க. நம்ம நாட்டுக்கு அவங்க புதுசா வரல, 1910லயே கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோன்னு கம்பெனி ஆரம்பிச்சாச்சு, அதுதான் பேர் மாறி மாறி இன்னிக்கி ஐடிசி, லண்டன்ல இருக்க பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ இன்னிக்கும் அதுல பெரிய பங்குதாரர். அவங்க சொந்த ஊர்ல கடையில பாக்கெட்ட கண்ணுல படற மாதிரி வைக்கவே முடியாது, ஷட்டர் போட்டு மூடித்தான் வைக்கணும், ஒத்தையா பிரிச்சு விக்கவும் முடியாது. அங்க பிள்ளைங்களுக்கு ஆகாதது இங்க பிள்ளைங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்?

எதுத்து நிக்க முடியாதுன்னு சொல்லாதீங்க. உருகுவேன்னு தென் அமெரிக்காவுல ஒரு நாடு, மொத்த ஜனத்தொகையே 35 லட்சம்தான், நம்ம சென்னைய விடக் கம்மி. அவங்க பாக்கெட்ல 80 சதவீதம் எச்சரிக்கை போட்டாங்கன்னு பிலிப் மோரிஸ்ங்கற சிகரெட் கம்பெனி 2010ல சர்வதேச தீர்ப்பாயத்துக்கு இழுத்துச்சு. அப்ப அந்தக் கம்பெனியோட ஒரு வருஷ வியாபாரம் அந்த நாட்டோட மொத்த வருமானத்த விடப் பெருசா இருந்துச்சு. அப்ப அவங்க ஜனாதிபதியா இருந்த தபாரே வாஸ்கேஸ் கேன்சர் டாக்டர், பின்வாங்கல. 2016 ஜூலையில உருகுவேதான் ஜெயிச்சுது. நமக்கு 140 கோடி பேர் இருக்கோம்.

கணக்கும் உங்ககிட்டயே இருக்கு. 2016-17 சர்வேல 26 கோடி பேருக்கு மேல புகையிலை உபயோகிக்கறாங்கன்னு வந்துச்சு. 2019ல 13ல இருந்து 15 வயசு பசங்ககிட்ட எடுத்த சர்வேல 8.5 சதவீதம், அதாவது 40 பேர் இருக்க ஒரு கிளாஸ்ல மூணு நாலு பிள்ளைங்க. என் பையன் கிளாஸ்ல 43 பேர். 2017-18ல புகையிலையால வந்த நோய், சாவு இதனால நாட்டுக்கு ஆன செலவும் நஷ்டமும் 1,77,341 கோடி ரூபான்னு போட்டிருக்காங்க, புகையிலை வரியில வர்ற பணம் அதுல பாதி கூட இல்ல. வரி வருமானம் போயிரும்னு யாராவது உங்ககிட்ட சொன்னா அந்த நம்பர எடுத்துக் காட்டுங்க.

இன்னொண்ணு சொல்வாங்க, பெட்டிக்கடைக்காரங்க வயித்துல அடிக்காதீங்கன்னு. இதுக்கு பதில் சொல்ற உரிமை எனக்கு இருக்கு. அப்பா இறந்த பிறகு கடையில இப்ப தம்பிதான் உக்காந்திருக்கான், கட்டைக்கால் வச்சிக்கிட்டு. சிகரெட், பீடி எதுவும் வைக்கறதில்ல. என்ன நடந்துச்சு தெரியுமா, காலைல டீ குடிக்க வர்றவங்க பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போயிட்டாங்க, ஏன்னா டீயும் தம்மும் சேத்துதான் அவங்களுக்கு வேணும், டீக்கு ஒரு கடை தம்முக்கு ஒரு கடைன்னு யாரும் நிக்க மாட்டாங்க. சிகரெட்ல ஒரு பாக்கெட்டுக்கு கெடைக்கற லாபம் ரொம்ப சொற்பம், அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, சோறு போட்டது டீயும் பலகாரமும் வாழைப்பழமும்தான். ஆனா சிகரெட் இல்லேன்னா அந்த டீக்கே ஆள் வர மாட்டேங்குது. நான் நல்லவனா இருக்கேன்னு ஒரு கடைக்காரன் தனியா முடிவெடுத்தா அவன் மட்டும்தான் நஷ்டப்படறான். எல்லா கடைக்கும் ஒரே சட்டம்னு வந்தா எவன் கடைக்கும் ஆள் கொறையாது. அதை உங்களாலதான் செய்ய முடியும், எங்களால முடியாது, அதனாலதான் உங்களுக்கு எழுதறேன்.

பீடிய மறந்துட்டு சிகரெட்ட மட்டும் புடிச்சா ஆளுங்க பீடிக்கு மாறிருவாங்க, அது எனக்குத் தெரியும். தென்காசி, திருநெல்வேலி பக்கம் வீட்டு வாசல்ல முறத்த மடியில வச்சு பீடி சுத்தற பொம்பளைங்க நெறைய பேர் இருக்காங்க, எங்க சித்தி ஒருத்தங்க அப்படித்தான், நாள் பூரா தூள்ல உக்காந்து இருமிக்கிட்டே சுத்துவாங்க. அவங்களுக்கு வேற வேலை ஏற்பாடு பண்ணாம பீடிய கை வைக்க முடியாதுன்னா அந்த ஏற்பாட்ட இப்பவே ஆரம்பிங்க, அதக் காரணம் காட்டி இன்னும் பத்து வருஷம் தள்ளாதீங்க. அதே மாதிரி கூல் லிப்னு உதட்டுக்கு அடியில வைக்கற புகையிலைப் பொட்டலம். தமிழ்நாட்டுல குட்கா, பான் மசாலா வகையறாவுக்கு 2013ல இருந்து தடை, ஆனா வேற மாநிலத்துல தாராளமா கெடைக்குது, பார்டர் தாண்டி எங்க ஸ்கூல் பசங்க உதட்டுக்கு அடியில வந்து உக்காந்துருச்சு. ஒரு மாநிலம் மட்டும் தடுத்தா இதுதான் நடக்கும்.

நான் கேக்கறது இதுதான்.

சிகரெட்டையும் பீடியையும் பிரிச்சு சில்லறையா விக்கறத நாடு முழுக்க தடை பண்ற சட்டத்திருத்தத்த பார்லிமென்ட்ல வைங்க, அடுத்த கூட்டத்தொடர்லயே. வயச 21 ஆக்குங்க, அது உங்க வரைவுலயே இருக்கு. 200 ரூபா அபராதத்த எடுத்துட்டு, சின்னப் பசங்களுக்கு வித்தா கடைக்கு மட்டும் இல்ல, அந்தக் கடைக்கு சரக்கு போட்ட ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் சேத்து அபராதம்னு எழுதுங்க, கடைக்காரன மட்டும் புடிச்சிட்டு வண்டியில வந்து மிட்டாய் பக்கத்துல வைன்னு சொன்னவங்கள விட்றாதீங்க.

புகையிலை விக்க தனி லைசென்ஸ் வேணும், அந்தக் கடையில மிட்டாய், சிப்ஸ் விக்கக்கூடாதுன்னு 2017ல நீங்களே எல்லா மாநிலத்துக்கும் கடிதம் போட்டீங்க. அத கடிதமா விடாம சட்டமாக்குங்க. புகையிலைய விட்டுட்ட சின்னக் கடைக்காரங்களுக்கு ஒரு வருஷமாவது கடனோ மானியமோ குடுங்க, என் தம்பி மாதிரி ஆளுங்க இன்னும் இருக்காங்க, தனியா கஷ்டப்படறாங்க.

நிதி அமைச்சகத்தோட உக்காந்து பேசுங்க. எல்.ஐ.சி கையில ஐடிசியோட பங்கு சுமார் 15 சதவீதம் இருக்கு. நான் பிள்ளைங்க படிப்புக்குன்னு மாசாமாசம் கட்டற பிரீமியம் சிகரெட் வித்து வர்ற லாபத்துல பங்கு வாங்கறது எனக்கு வேண்டாம். பொதுத்துறை நிறுவனங்க புகையிலைக் கம்பெனி பங்குல இருந்து எப்ப, எப்படி வெளிய வரும்னு ஒரு தேதி போட்ட திட்டம் வெளியிடுங்க. கம்பெனி ஆளுங்க யார் யார் உங்கள வந்து பாத்தாங்க, 2020 வரைவு பத்தி என்ன சொன்னாங்கங்கறதையும் வெளியிடுங்க, அந்த உலக சுகாதார நிறுவன ஒப்பந்தத்தோட 5.3 பிரிவுல கம்பெனிங்க தலையீட்டுல இருந்து உங்க கொள்கைய காப்பாத்தறேன்னு நாடு வாக்கு குடுத்திருக்கு.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பழக்கத்த விட உதவி பண்ண ஒரு ஆள், அதுக்கான மருந்து, இலவசமா. நிக்கோடின் சூயிங்கம் என் தம்பிக்கு மெடிக்கல் ஷாப்ல வாங்குனப்ப ஒரு அட்டை வெலைக்கு அவனால பத்து சிகரெட் வாங்கியிருக்க முடியும், அவனும் அந்தக் கணக்கத்தான் போட்டான்.

2021ல நான் அனுப்புன கருத்துக்கு இன்னும் பதில் வரல. இந்த மடலுக்கு எழுத்துல பதில் வேணும், அந்த வரைவு இப்ப எந்த மேசையில இருக்கு, எந்த மாசம் பார்லிமென்ட்டுக்கு வரும்னு. தமிழ்ல அனுப்புங்க, எங்க கடையில ஒட்டி வைக்கணும்.

இப்படிக்கு,
பெட்டிக்கடைக்காரர் மகள், ஒம்பதாவது படிக்கிற பையனோட அம்மா
திண்டுக்கல் மாவட்டம்